120 சிறு காப்பி விவசாயிகள், ஒரே குழுச் சான்று: எதிலிருந்து தொடங்குவது?

மேட்டுக்களம் (கேள்வி)

வணக்கம். 120 சிறு விவசாயிகள் சேர்ந்த குழு ஒன்றுக்கு நிலைத்தன்மைச் சான்று வாங்கலாமா என்று யோசிக்கிறோம். விவரம் இதுதான்:

எல்லாமே நிழல் மரங்களின் கீழ் வளரும் அரபிக்கா. பெரும்பாலோருக்கு அரை ஹெக்டேர்கூட இல்லை. நான்கு பேரிடம் மட்டும் 5 ஹெக்டேருக்கு மேல் இருக்கிறது. பழத்தைப் பொதுப் பல்ப்பரில் (தோல் நீக்கும் இயந்திரம்) தோல் நீக்கி, நொதிக்க வைத்துக் கழுவி, உலர்த்தி, பார்ச்மென்டாகச் (உள் ஓடு நீக்காத கொட்டை) சேர்க்கிறோம். பச்சைக்கொட்டை (ஓடு நீக்கிய, வறுக்காத கொட்டை) கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கன்டெய்னர், சுமார் 19 டன். களைக்கொல்லி யாரும் அடிப்பதில்லை. சிலர் ரசாயன உரம் போடுகிறார்கள். இலைத்துரு நோய்க்கு எல்லோரும் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும்) அடிக்கிறார்கள்.

எந்தச் சான்று இந்த அளவுக்குக் கட்டுப்படியாகும்? ஆடிட்டில் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள், குழுக்கள் எங்கே தோற்கின்றன? காடு அழித்த நிலத்தில் விளைந்ததை உள்ளே விடாத ஐரோப்பாவின் காடழிப்பு விதிக்கும் இதே சான்று போதுமா? விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

நிழல்மரம்

முதலில் வாங்குபவரைக் கேளுங்கள், பிறகு சான்றைத் தேர்ந்தெடுங்கள். இதைத் தலைகீழாகச் செய்யும் குழுக்கள்தான் அதிகம். சான்று பெற்ற காப்பி முழுவதும் சான்றுள்ள காப்பியாகவே விற்றுவிடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வாங்குபவர் 6 டன்னை மட்டும் அந்தப் பெயரில் எடுத்தால் மீதி சாதாரண விலைக்குத்தான் போகும். செலவோ முழு 19 டன்னுக்கும் ஆகியிருக்கும். "எவ்வளவு எடுப்பீர்கள், கிலோவுக்கு எவ்வளவு கூடுதல், எத்தனை ஆண்டுக்கு?" இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரட்டும்.

இனி ஒவ்வொன்றாக.

ஃபேர்டிரேட்: காப்பியில் இது சிறு விவசாயிகளின் அமைப்புகளுக்கு மட்டுமே, பெரிய எஸ்டேட்டுகளுக்கு இடமில்லை. உறுப்பினரில் பெரும்பாலோர் சிறு விவசாயிகளாக இருக்க வேண்டும். உங்கள் குழுவில் அது பிரச்சினையே இல்லை. கழுவிய அரபிக்காவுக்குக் குறைந்தபட்ச விலை 2023 ஆகஸ்ட் முதல் பவுண்டுக்கு 1.80 அமெரிக்க டாலர், இயற்கை முறை என்றால் அதன்மேல் 0.40. சந்தை விலை இதைவிட மேலே இருந்தால் சந்தை விலைதான். இது ஏற்றுமதித் துறைமுக நிலை விலை, விவசாயி கைக்கு வரும் விலை அல்ல. உறுப்பினர் கூட்டத்தில் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பிறகு மனக்கசப்புதான் மிஞ்சும். இதற்கு மேல் பவுண்டுக்கு 0.20 டாலர் பிரீமியம் (கூடுதல் தொகை) குழுவுக்கு வரும். அதில் குறைந்தது 0.05 தரம், விளைச்சல் சார்ந்த வேலைக்குப் போக வேண்டும். மீதியை எதற்குச் செலவிடுவது என்று பொதுக்குழு வாக்களித்து முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் அளவுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ மூட்டை 320 என்றால் 19.2 டன், அதாவது சுமார் 42,300 பவுண்டு. முழுவதும் ஃபேர்டிரேடாக விற்றால் பிரீமியம் ஏறக்குறைய 8,460 டாலர். மூன்றில் ஒரு பங்குதான் விற்றது என்றால் 2,800. சான்றுக் கட்டணம், உள் ஆய்வாளர் (உறுப்பினர் தோட்டங்களைப் பார்க்கக் குழுவே அமர்த்துபவர்) சம்பளம், பதிவேடு, பயிற்சி எல்லாவற்றையும் கூட்டி இந்த இரண்டு எண்களோடும் ஒப்பிடுங்கள். இரண்டாவது எண்ணிலேயே தாக்குப்பிடிக்க முடிந்தால் துணிந்து இறங்கலாம்.

ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ்: 2018-இல் உட்ஸ் (UTZ) என்ற இன்னொரு சான்று அமைப்போடு இணைந்த பிறகு 2020-இல் புதிய தரநிலை வந்தது. இதில் குறைந்தபட்ச விலை கிடையாது. வாங்குபவர் "நிலைத்தன்மை வேறுபாட்டுத் தொகை" ஒன்றைக் கட்டாயம் பணமாகத் தர வேண்டும்; ஆனால் காப்பிக்கு அது இவ்வளவு என்று நிர்ணயம் இல்லை, பேசித்தான் முடிவாகும். பேரம் பேசத் தெரியாத குழுவுக்கு மிகச் சிறிய தொகைதான் கிடைக்கும். ரசாயன உரத்துக்குத் தடை இல்லை, தடைசெய்த பூச்சிமருந்துப் பட்டியல் மட்டும் உண்டு. எனவே இன்றைய நிலையிலிருந்து உங்களுக்கு மிகக் கிட்டத்தில் இருப்பது இதுதான்.

4 சி: அடிப்படை நிலைச் சான்று. குறைந்தபட்சம் ஒரு கன்டெய்னர் அளவு வேண்டும், நீங்கள் அந்த விளிம்பில் நிற்கிறீர்கள். மகசூல் குறையும் ஆண்டில் சிக்கல். பெரிய வறுப்பு நிறுவனத்துக்கு விற்பதாக இருந்தால் தவிர இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் தெரியவில்லை.

பறவை நேயச் சான்று: ஸ்மித்சோனியன் நிறுவனத்துடையது. உங்கள் நிழல் அமைப்புக்கு நன்றாகப் பொருந்தும்: நிழல் மறைப்பு குறைந்தது 40 சதவீதம், முதன்மை நிழல் மரங்கள் 12 மீட்டர் உயரம், அவை தவிர 10 வகை மரங்களாவது இருக்க வேண்டும். ஆனால் இயற்கை வேளாண்மைச் சான்று முன்நிபந்தனை. அதனால் அது இரண்டாம் கட்டம்.

தனித்தனியாக 120 சான்று எடுப்பது நடக்காத காரியம். குழுச் சான்று ஒன்றே வழி.

ஏட்டுக்கணக்கு

ஆடிட் பற்றி எழுதுகிறேன். ஆடிட்டர் 120 தோட்டத்தையும் பார்க்க மாட்டார். உங்கள் உள் கட்டுப்பாட்டு அமைப்பு (உறுப்பினரைக் குழுவே ஆய்வு செய்யும் ஏற்பாடு) 120 பேரையும் பார்த்ததா, பார்த்தது உண்மையா என்றுதான் சோதிப்பார். அதற்காகச் சில தோட்டங்களுக்குப் போவார். எத்தனை என்பது சான்றைப் பொறுத்தது. ரெயின்ஃபாரஸ்டில் உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலம் குறைந்தபட்சம். 120 பேருக்கு 11 தோட்டம். அமெரிக்க இயற்கை வேளாண்மை விதியில் 2024 மார்ச் முதல் வர்க்கமூலத்தின் 1.4 மடங்கு அல்லது 2 சதவீதம், எது அதிகமோ அது, உங்களுக்கு 16. அபாயம் அதிகம் என்று குறித்த உறுப்பினர் எல்லோரையும் சேர்த்துத்தான் போவார்கள். ஐரோப்பிய விதியில் 5 சதவீதம், ஆனால் 10 பேருக்குக் குறையக்கூடாது, அதனால் 10. அதோடு குறைந்தது 2 சதவீத உறுப்பினரிடம் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

அந்தப் பத்துப் பதினாறு தோட்டத்தில் உங்கள் உள் ஆய்வாளர் எழுதாத குறை ஒன்றை ஆடிட்டர் கண்டுபிடித்தால், கேள்வி அந்த விவசாயியோடு நிற்காது. "மீதி நூறு தோட்ட அறிக்கையை எப்படி நம்புவது?" என்றுதான் எழும். முழுக் குழுவின் சான்றும் அங்கேதான் ஆட்டம் காணும். ஆகவே உள் ஆய்வாளர் குறைகளைத் தாராளமாக எழுத வேண்டும். 120 அறிக்கையிலும் ஒரு குறைகூட இல்லையென்றால் அனுபவமுள்ள ஆடிட்டர் அதையே முதல் சந்தேகமாகக் குறிப்பார். குறை, அதைச் சரிசெய்யக் கொடுத்த கெடு, சரிசெய்த தேதி, மறுபார்வை கையெழுத்து ஆகிய நான்கும் இருந்தால் போதும்.

உள் ஆய்வாளர் தன் தோட்டத்தையோ உறவினர் தோட்டத்தையோ பார்க்கக்கூடாது. பழம் எடை போட்டு வாங்குபவரே ஆய்வாளராக இருக்கக்கூடாது. ஆய்வு செய்பவர் ஒருவர், ஏற்பது நிராகரிப்பது என்று முடிவெடுக்கும் குழு வேறு. இயற்கைச் சான்றில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது உள் ஆய்வு கட்டாயம். நாளுக்கு நான்கு தோட்டம் என்றால் 30 ஆள்-நாள். அறுவடை நேரத்தில் இதை வைத்துக்கொண்டால் தோட்டக்காரர் முகம்கொடுத்துப் பேசமாட்டார், அதற்கு முன்பே முடியுங்கள்.

குழுக்கள் அதிகம் தோற்கும் இடம் அளவுக் கணக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆடிட்டர் முதலில் கேட்பது மகசூல் மதிப்பீடு. "போன வருடம் போட்டதையே போட்டோம்" என்றால் அங்கேயே சறுக்கல், ஏனென்றால் அரபிக்கா ஒரு வருடம் காய்த்து அடுத்த வருடம் இளைக்கும் பயிர். 120 பேருக்கும் ஹெக்டேருக்கு ஒரே எண்ணை எழுதியிருந்தால் இன்னும் மோசம். தோட்டத்துக்குப் பத்துச் செடி, மேடு, பள்ளம், ஓரம் எனப் பரவலாகத் தேர்ந்தெடுங்கள். காய் பிடித்த கிளைகள் எத்தனை, கிளைக்குக் கணு எத்தனை, கணுவுக்குக் காய் எத்தனை என்று எண்ணிப் பெருக்குங்கள். உதாரணமாக 30 கிளை, 6 கணு, கணுவுக்கு 8 காய் என்றால் 1,440 காய். பழுத்த பழம் நூறை எடை போட்டு 160 கிராம் வந்தால் ஒரு செடிக்குச் சுமார் 2.3 கிலோ. காய்க்கும் செடி எண்ணிக்கையால் பெருக்குங்கள். காய்ந்துபோனதையும் இளங்கன்றையும் கழித்துவிட வேண்டும். இதைப் பூத்த மூன்று நான்கு மாதத்தில் ஒருமுறை, அறுவடைக்குச் சற்று முன் ஒருமுறை. நடுவில் உதிர்வு எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்து மாற்று விகிதம். பொதுவாகக் கழுவிய அரபிக்காவில் 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ பச்சைக்கொட்டை, பார்ச்மென்டிலிருந்து பச்சைக்கொட்டை 80 சதவீதம். 19.2 டன் கொட்டை என்றால் 24 டன் பார்ச்மென்ட், ஏறத்தாழ 115 டன் பழம். உங்கள் பல்ப்பர் ஏட்டில் 95 டன் பழம்தான் பதிவாகியிருந்தால் மீதி எங்கிருந்து வந்தது? பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: உறுப்பினர் தன் அண்ணன் தம்பி பழத்தையும் தன் பெயரில் போட்டிருப்பார். நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் ஆடிட்டருக்கு அது சான்றில்லாத காப்பி கலந்த குற்றம். ஒவ்வொருவர் அட்டையிலும் மதிப்பீட்டை எழுதி வையுங்கள். அதைத் தாண்டி, உதாரணமாக 10 சதவீதத்துக்கு மேல், பழம் வந்தால் எடை போடும் ஆளே நிறுத்தி, அன்றே தோட்டத்துக்கு ஆள் அனுப்பிப் பார்த்து எழுதட்டும். சீசன் முடிந்தபின் எழுதும் விளக்கத்துக்கு மதிப்பில்லை.

இன்னொன்று: ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் மூன்று மாத ரசீது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். களத்து மண் படிந்த கசங்கிய ரசீதைத்தான் ஆடிட்டர் நம்புவார், அழகாகப் படியெடுத்த ஏட்டை அல்ல.

துத்தமும்சுண்ணாம்பும்

மேலே இருவரும் இயற்கைச் சான்றை ஒதுக்கிவிட்டது போலத் தெரிகிறது. களைக்கொல்லியே இல்லாத குழு என்பதால் பாதி வழி ஏற்கெனவே கடந்தாயிற்று. ஆனால் கீழே உள்ளதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மாற்றக் காலம்: அமெரிக்க விதியில் தடைசெய்த பொருள் கடைசியாகப் போட்ட நாளிலிருந்து அறுவடைக்கு 36 மாதம். ஐரோப்பிய விதியிலும் பல்லாண்டுப் பயிருக்கு மூன்று ஆண்டு. ரசாயன உரம் போட்டவருக்கு அந்தக் கடைசி உரத்திலிருந்து கணக்கு தொடங்கும். உரம் போடாத உறுப்பினரை மட்டும் வைத்து முதல் குழுவைக் கட்டி, மற்றவரை மாற்றக் காலப் பட்டியலில் வைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அவர்கள் பழத்தைத் தனியாக அரைக்க வேண்டும். ஒரே பல்ப்பர் என்றால் இயற்கைப் பழத்தைக் காலையில் முதலில், கழுவிய இயந்திரத்தில்.

போர்டோ கலவை: செம்பு அனுமதிதான், ஆனால் ஐரோப்பிய விதியில் 7 ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ செம்பு, சராசரி ஆண்டுக்கு 4 கிலோ. மயில்துத்தத்தில் செம்பு கால் பங்குதான், ஆகவே 4 கிலோ செம்பு என்பது 16 கிலோ துத்தம். 0.5 சதவீதக் கலவை (200 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு) ஹெக்டேருக்கு 800 லிட்டர் அடித்தால் ஒரு தடவைக்கு 4 கிலோ துத்தம், 1 கிலோ செம்பு. மூன்று தடவை தாராளம். 1 சதவீதக் கலவையை மூன்று முறை அடித்தால் 6 கிலோ செம்பு, சராசரியைத் தாண்டிவிடும். "கொஞ்சம் கெட்டியாக அடித்தால் நன்றாகப் பிடிக்கும்" என்று சொல்பவர் எல்லாக் குழுவிலும் இருக்கிறார். அவர் அளவை ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். கலவை சரியா என்று பார்க்க இரும்புக் கத்தியை நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும்.

தொழு உரம்: ஐரோப்பிய விதி தொழிற்சாலை மாதிரிப் பண்ணை எருவை ஏற்காது, பெரிய கூண்டுக்கோழிப் பண்ணையிலிருந்து லாரியில் வரும் எரு பலருக்குச் சிக்கல் ஆகும். அமெரிக்க விதியில் மக்காத எருவுக்கும் அறுவடைக்கும் நடுவே 90 நாள் வேண்டும். பழத்தோலை அனுமதியுள்ள எருவோடு சேர்த்து மக்க வைத்துப் போடுவதே நல்லது.

தோட்டத்தில் எல்லாம் சரியாக இருந்து கடைசியில் காப்பி கெடும் இடம் கியூரிங் ஆலையும் (பார்ச்மென்டைப் பச்சைக்கொட்டையாக்கும் ஆலை) கிடங்கும். முந்தைய சரக்கு ஹல்லரில் (ஓடு நீக்கும் இயந்திரம்) தங்கியிருக்கும். சுத்தம் செய்த பிறகும் உங்கள் காப்பியின் முதல் சில கிலோவை ஓட்டி அதைச் சாதாரணச் சரக்காகக் கழித்துவிட வேண்டும். எவ்வளவு கழித்தோம் என்று ரசீதும் வேண்டும். கிடங்கில் பூச்சிக்காக மெத்தில் புரோமைடு அல்லது பாஸ்ஃபின் புகை போட்டால் அந்த மூட்டையின் இயற்கைத் தகுதி போயிற்று, யார் போட்டார்கள் என்பது செல்லாது. கிடங்கு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே பூச்சிமருந்துச் சாக்காக இருந்ததை மறந்தும் பயன்படுத்தாதீர்கள். புதுச் சணல் சாக்கிலும் தாவர எண்ணெயில் பதப்படுத்தியது என்று கேட்டு வாங்குங்கள், கனிம எண்ணெய்ச் சாக்கு வேண்டாம்.

மேட்டுக்களம்

நன்றி. அளவுக் கணக்கு பற்றிச் சொன்னது கண்ணைத் திறந்துவிட்டது. இரண்டு துணைக்கேள்வி. 5 ஹெக்டேருக்கு மேல் உள்ள நான்கு பேர் குழுவில் இருக்கலாமா? காடழிப்பு விதிக்கான வரைபடத்தை அடர்ந்த நிழலுக்குள் போனில் எடுத்தால் சரியாக வருமா?

நிழல்மரம்

நான்கு பேர்: ஐரோப்பிய இயற்கை விதியில் (2018/848) குழு உறுப்பினருக்கு இரண்டு வாசல். ஒன்று, நிலம் 5 ஹெக்டேருக்குள். இல்லையென்றால், தனியாகச் சான்று எடுக்கும் செலவு அவர் இயற்கை விற்பனையில் 2 சதவீதத்துக்கு மேல் இருந்து, அந்த விற்பனையும் ஆண்டுக்கு 25,000 யூரோவைத் தாண்டாமல் இருக்க வேண்டும். ஆகவே நிலம் பெரிது என்பதற்காகத் தானாக வெளியேற்ற வேண்டியதில்லை, கணக்கைக் காட்டினால் போதும். குழுவுக்குச் சட்டப்படி தனி அமைப்பு வேண்டும், கூட்டு விற்பனை வேண்டும், 2,000 பேருக்கு மேல் கூடாது, ஒரே பயிருக்கு ஒருவர் இரண்டு குழுவில் இருக்கக்கூடாது. கடைசி நிபந்தனையை உறுப்பினரிடம் கையெழுத்தாகவே வாங்குங்கள்.

எல்லைக்கோடு

வரைபடக் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

எந்தச் சான்றும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்பு விதிக்கு (2023/1115) மாற்று ஆகாது. சான்றில் சேர்த்த தகவல் உதவும். ஆனால் உரிய கவன அறிக்கை (சரக்கு விதிக்கு உட்பட்டது என்று சரிபார்த்துத் தரும் அறிக்கை) தருவது இறக்குமதியாளர் பொறுப்பு, அதற்கான இருப்பிடத் தரவு உங்களிடமிருந்துதான் போக வேண்டும். அறுதி நாள் 2020 டிசம்பர் 31: அதற்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்த காப்பி நுழைய முடியாது. ரெயின்ஃபாரஸ்டில் இந்த நாள் இன்னும் முந்தியது, 2014 ஜனவரி 1. இரண்டுக்கும் சேர்த்து முந்திய நாளையே வைத்துப் பாருங்கள்.

4 ஹெக்டேருக்கு உட்பட்ட துண்டுக்கு ஒரு புள்ளி போதும், தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம். அதற்கு மேற்பட்ட துண்டுக்கு எல்லைக் கோடு முழுவதும். கவனிக்க: இது துண்டுக் கணக்கு, ஆள் கணக்கு அல்ல. 6 ஹெக்டேர் வைத்திருப்பவருக்கு மூன்று இடத்தில் 2 ஹெக்டேராக இருந்தால் மூன்று புள்ளி. ஆனாலும் எல்லாத் துண்டுக்கும் எல்லைக்கோடு எடுத்துவிடுவதே என் ஆலோசனை. மகசூல் மதிப்பீட்டுக்குச் சரியான பரப்பளவு கிடைக்கும். வாய்மொழிப் பரப்பை நம்பிப் போடும் கணக்குத்தான் ஏட்டுக்கணக்கு சொன்ன எல்லாச் சிக்கலுக்கும் தொடக்கம்.

அடர்ந்த நிழலில் போன் ஐந்து பத்து மீட்டர் பிசகும். செயலியைத் திறந்து துல்லிய எண் நிலைக்கும்வரை வெட்டவெளியில் காத்திருங்கள், பிறகு நடங்கள். ஓடவிட்டே எடுக்கும் தானியங்கிப் பதிவு நிழலுக்குள் கோணல்மாணலாக வரும். ஒவ்வொரு மூலையிலும் நின்று புள்ளி குத்துவது நல்லது. நிழல் மரம் கவாத்து செய்த பிறகு எடுத்தால் வானம் தெரியும், பிசகு குறையும்.

பிறகு கணினியில் மூன்றைச் சரிபாருங்கள்: பக்கத்துத் தோட்டக் கோட்டின்மேல் ஏறி நிற்கிறதா, கோடு தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறதா, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டதா. இருப்பிடத் தரவை அனுப்பும் ஜியோஜேசன் (GeoJSON) கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும். மாற்றிப் போட்டால் தோட்டம் நடுக்கடலில் விழும், அல்லது வேறு நாட்டில். இறக்குமதியாளர் முழுச் சரக்கையும் நிறுத்திவைக்க அது ஒன்றே போதும்.

நிழல் காப்பிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. செயற்கைக்கோள் வரைபடம் உங்கள் தோட்டத்தைக் காடு என்று காட்டும். பிறகு பெரிய கவாத்தோ விழுந்த மரமோ வந்தால் காடழிப்பு என்று எச்சரிக்கும். விதியில் காடு என்பது அரை ஹெக்டேருக்கு மேல், 5 மீட்டருக்கு மேல் உயரமான மரம், 10 சதவீதத்துக்கு மேல் மறைப்பு. ஆனால் மரநிழலில் பயிர் செய்யும் நிலம் வேளாண் நிலமாகவே கருதப்படும். 2020 முடியும் முன்பே காப்பி இருந்தது என்பதை நீங்கள் காட்ட வேண்டும். பழைய பழ ரசீது, நில ஆவணம், வயது தெரியும்படி பழைய செடியின் அடிமரப் படம் எல்லாம் உதவும். கவாத்துக்கு முன்னும் பின்னும் இருப்பிடம் பதிந்த படம் எடுத்து, தேதியோடு அந்தத் தோட்டத்தின் கோப்பில் போட்டு வையுங்கள். எச்சரிக்கை வந்தபின் தேடினால் கிடைக்காது.

ஏட்டுக்கணக்கு

விடுபட்ட இரண்டு விஷயம். எந்தச் சான்றானாலும் 18 வயதுக்கு உட்பட்டவர் மருந்து அடிப்பது, கனமான மூட்டை தூக்குவது கூடாது. அறுவடையில் பிள்ளைகள் வீட்டாரோடு பழம் பறிக்க வருவார்கள். பள்ளி நேரத்தில் வரவில்லை என்பதற்கு உள் ஆய்வு அறிக்கையில் தனிப் பத்தி இருக்கட்டும். பறிக்க வரும் கூலியாட்களின் பிள்ளைகளையும் சேர்த்துக் கேளுங்கள். பல குழுக்கள் உறுப்பினர் பிள்ளைகளை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுகின்றன.

இன்னொன்று பல்ப்பர் தண்ணீர். புளித்த அந்தத் தண்ணீர் ஓடையில் கலந்தால் ஆக்சிஜனை உறிஞ்சி மீனைக் கொன்றுவிடும். பொதுப் பல்ப்பர் என்பதால் குறை ஒரு விவசாயி மேல் அல்ல, குழு மேலேயே விழும். சல்லடையில் தோலைப் பிரித்து, தண்ணீரை முதல் குழியில் தங்கவிட்டு, சுண்ணாம்பு போட்டு அமிலத்தைக் குறைத்து, இரண்டாம் குழிக்கு விடுங்கள். குழி ஓடையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். அமில அளவைச் சோதனைத் தாளில் வாரம் ஒருமுறை பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். ஆடிட்டர் வரும் நாளில் பல்ப்பர் ஓடாமல் இருக்கலாம், அப்போது அந்த ஏடு மட்டும்தான் பேசும்.